வளையல் பெருகிய கை

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வீக்கம் இருந்ததாம்; அதற்கு ஊர் முழுக்க வைத்தியர்களாம். அல்சூர் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், வீங்கிய கைகால்களுக்கு அழுத்தக்கட்டுப் போடுவது என் வேலை. கட்டுப் போடுகிறவர்களுக்கும் போட்டுக்கொள்கிறவர்களுக்கும் இந்தக் கதை பாதி தெரிந்ததாகவே இருக்கும்.

பெயர் வைத்தல்

ஜோகுபாளையத்திலிருந்து கலா அக்கா மாமியாரோடு வந்தார். முதல் கர்ப்பம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே இடது கை வீங்குமாம். மாதவிலக்குக்கு முன்னால் ஏறி, அப்புறம் வடியுமாம். இப்போது வடிவதே இல்லை. பிறவியிலேயே நிணநீர்க் குழாய்கள் பலவீனம் என்றார் டாக்டர். உடம்பின் மிச்ச நீரைத் தள்ளிக்கொண்டு போகும் குழாய்கள் அவை, கர்ப்ப ஹார்மோன் அவற்றைத் தளர்த்திவிடும், நீர் தேங்கும் என்று நான் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார் சொன்னார்: "அப்போ யானைக்கால் கைக்கு வந்துடுச்சுன்னு சொல்லுங்க தம்பி."

தண்ணீர்

நீர்தானே கோளாறு என்று வீட்டில் குடிதண்ணீரைக் குறைத்துவிட்டார்கள். அக்கா உதடு வெடித்து வந்தார். குடிக்கிற தண்ணீர் வேறு, தேங்குகிற நீர் வேறு என்று மாமியாரிடம் தயங்கி மெல்லச் சொன்னேன். கலா அக்கா என் பக்கம் சாய்ந்தார். "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தம்பி. நீங்க பேசறது எனக்கே கேக்கல."

வளைகாப்பு

இடது கைக்கு வளையல் வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். வளைகாப்பன்று நான் போட்ட அழுத்தக்கட்டை அவிழ்த்து, சோப்பு தடவி, அந்தக் கைக்கும் கண்ணாடி வளையல் ஏற்றிவிட்டார்கள். காய்ச்சலோடு வந்தார் அக்கா. கை சிவந்து, தொட்டால் கொதித்தது. வளையல்கள் சதைக்குள் புதைந்திருந்தன. கீறலில் ஏறிய கிருமி ரத்தத்தில் கலந்தால் குழந்தைக்கும் ஆபத்து. "பேக தெகீரி" என்றார் டாக்டர் கன்னடத்தில். சீக்கிரம் எடுக்க வேண்டும்; ஆனால் வளையல் அசையவில்லை. குறடை எடுத்தேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார். "எம் புள்ள உசுரோட இருக்கறப்ப மருமக வளையல உடைப்பியா நீ?"

பெருக்குதல்

அபசகுனச் சொல் வாயில் வரக்கூடாதென்று, தாலிக்கயிறு அறுந்தால்கூட 'பெருகிடுச்சு' என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அது ஞாபகம் வந்தது. "உடைக்கலம்மா, பெருக்கறோம்" என்றேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். துணி சுற்றி ஒவ்வொன்றாக நொறுக்கினேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் தோள் குலுங்கியது. கலா அக்கா அழவில்லை. "கையும் பெருகிச்சு, வளையலும் பெருகிச்சு. இனி வீட்ல பேச்சுதான் பெருகணும்."

காய்ச்சல் விட்டது, குழந்தை அசைந்தது. வீட்டுக்கு அனுப்பிய அன்று மாமியார் திரும்பிப் பாராமல் முன்னே போக, வெறுங்கையை முந்தானைக்குள் மறைத்தபடி கலா அக்காவும் போனார். பிரசவமானால் ஹார்மோன் இறங்கி வீக்கம் கொஞ்சம் வடியும்; வீங்குகிற ஊர் வாய்க்கு மட்டும் அப்படி ஒரு பிரசவமும் கிடையாது.