நான்கு பாகங்களில் ஒரு மடக்குக் கத்தி

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருமுனையில் மாலை கட்டி விற்கும் அக்காவிடம்தான் தினமும் பூ வாங்குவேன். ஒருநாள் காலை அவர் கட்டைவிரலில் பெரிய கட்டு. நார் எடுக்கப் பைக்குள் கைவிட்டபோது, உள்ளே கிடந்த கத்தி கிழித்துவிட்டதாம்.

"மடக்குக் கத்தி வாங்கிக்கலாமே அக்கா?"

"வாங்கினேனே. வெட்டிக்கிட்டிருக்கும்போதே தானா மடங்கி விரல்ல உட்காருது. நீங்கதான் மிஷின் சாமானெல்லாம் வரையறீங்களே, நீங்களே ஒண்ணு பண்ணிக் குடுங்களேன்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கோ அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை. அரியமங்கலத்தில் ஒரு சின்னப் பட்டறையில் நான் டிசைனர். பன்னிரண்டு வருஷமாகப் பெரிய இயந்திரங்களுக்குள் போய் மறைந்துவிடும் பிராக்கெட்டும் கிளாம்பும் வரைந்துகொண்டிருந்தவள். ஒருவர் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு பொருளை வரைந்ததே கிடையாது.

பட்டறை முதலாளியை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னதும், "ஞாயித்துக்கிழமை மிஷினெல்லாம் சும்மாதானே கிடக்கு, வாங்கம்மா" என்றார்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வெட்டும் அலகு, இரண்டு பக்கத் தகடு, ஸ்பிரிங், வாஷர், ரிவெட் என்று மொத்தம் பதினொரு பாகங்கள். ஒவ்வொன்றையும் அரத்தால் ராவிப் பொருத்தினோம். அக்கா ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மடங்கலை, நல்லா வெட்டுது. ஆனா நார்த்தூள் உள்ள போய் அடைச்சுக்குது. அதை மட்டும் சரி பண்ணி இன்னும் முப்பது குடுங்க. பூக்கட்டுறவங்க அத்தனை பேரும் கேக்கறாங்க."

முப்பதா! ஒரு கத்திக்கு நான்கு ஞாயிறு என்றால் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பயந்திருக்க வேண்டும். மாறாக, எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்குப் போனதும் அந்தப் பதினொரு பாகங்களையும் காகிதத்தில் எழுதிவைத்து, எது இல்லாமலும் கத்தி கத்தியாகவே இருக்கும் என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். இரண்டு பக்கத் தகடு எதற்கு? ஒரே தகட்டை நடுவில் மடித்தால் கைப்பிடி ஆகிவிடும். ஸ்பிரிங் எதற்கு? அந்தத் தகட்டிலேயே ஒரு பக்கம் நாக்குப் போல வெட்டி உள்ளே சாய்த்துவிட்டால், அலகு திறந்ததும் அதுவே முட்டுக் கொடுத்து நிற்கும்; மடக்கும்போது அதை விரலால் தள்ளிவிட்டால் போதும். மடிப்பில் நீளமாக ஒரு திறப்பு விட்டால் நார்த்தூள் தண்ணீரோடு வெளியே போய்விடும். கடைசியில் மிஞ்சியவை நான்கு: அலகு, கைப்பிடி, சுழல் ஆணி, தடுப்பு ஆணி.

தகடுகளை லேசரில் வெட்டி வாங்கி வந்து மடித்தோம். முதல் ஐந்தும் பாழ். தட்டையாக இருந்தபோது ஒழுங்காக இருந்த துளைகள், மடித்ததும் ஒன்றுக்கொன்று மயிரிழை விலகி நின்றன. அலகு கோணலாகிக் கைப்பிடியின் பக்கச் சுவரில் உரசியது.

"இப்படி ஒவ்வொண்ணா ராவிக்கிட்டிருந்தா, பழையபடி நாலு வாரம்தான்" என்று பாய் தலையைச் சொறிந்தார்.

மறுநாள் பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. துளையை எதற்கு முன்னாலேயே வெட்ட வேண்டும்? பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கத்தினேன்.

"பாய், முதல்ல மடிச்சிடுவோம்! அப்புறம் ரெண்டு சுவத்துலயும் ஒரே குத்துல டிரில் போடுவோம்!"

அவர் ஒரு நொடி யோசித்தார். "உள்ள ஒரு கட்டை குடுத்தா சுவரு நசுங்காது" என்றவர், அப்போதே ஒரு இரும்புத் துண்டை எடுத்து, கைப்பிடியை வைத்து இறுக்குகிற அச்சு ஒன்றைச் செய்ய உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிறு காலை, துளையில்லாமல் வெட்டி வாங்கிய தகடுகளோடு தொடங்கினோம். அவர் மடிக்க, நான் துளையிட, அவர் ஆணி அடிக்க, நான் திறந்து பார்க்க. டக். அடுத்தது, டக். ஒன்றுகூட உரசவில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் முப்பதும் மேஜைமேல் வரிசையாகக் கிடந்தன. பாய் ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழவில்லை.

மறுநாள் விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தெரு முழுக்க டக், டக் என்று சத்தம். ஒரு பெண் மட்டும் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"எனக்கு இடது கைங்க. மடக்கறப்ப நாக்கைத் தள்ள விரல் எட்டலை."

என் முகம் சுண்டிவிட்டது. கணினியில் எல்லாவற்றையும் திருப்பி வரைய வேண்டுமா? நின்ற இடத்திலேயே பையிலிருந்த பூ வாங்கிய காகிதத்தை எடுத்து மடித்துப் பார்த்தேன். அதையே பிரித்து எதிர்ப்பக்கமாக மடித்தேன். நாக்கு இருக்க வேண்டிய பக்கம் மாறிவிட்டது. சிரிப்பு வந்துவிட்டது. உடனே பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், மிச்சத் தகடு இருக்குல்ல? அதே தகடுதான். திருப்பிப் போட்டு மடிச்சா இடது கைக் கத்தி!"

சாயங்காலம் அந்தப் பெண் இடது கை விரலாலேயே நாக்கைத் தள்ளி மடக்கிக் காட்டினார்; மறுபடி திறந்து நாரை வெட்டினார். ஒரே இழுப்பு.