வீடு வீடாக ஒரு பூங்கா

டிரைவர் வீட்டம்மாவுக்கு நகராட்சியில் கிடைத்தது தற்காலிக வேலை. தெருக்கோடியில் முள் மண்டிக் கிடக்கும் காலி மனையில் பூங்கா போடலாமா என்று வீடு வீடாகக் கேட்டு எழுதி வர வேண்டும். ஜனங்களுக்கு அக்கறை இல்லையென்றால் மனை லாரி நிறுத்தப் போய்விடும். யாரையும் 'வேண்டும்' என்று சொல்ல வைக்காதீர்கள், கேட்க மட்டும் செய்யுங்கள் என்று மேலதிகாரி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்.

கேட்க மட்டுமா போனாள் அவள்? மனசெல்லாம் அந்த மனையில்தான் கிடந்தது. பக்கவாதத்தில் இடது கால் இழுத்துக்கொண்ட புருஷனை டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். தெருவில் எங்கே நடப்பது, பைக்குகள் உரசிக்கொண்டு போகின்றன. காலமெல்லாம் ஊர் ஊராய் பஸ் ஓட்டிய மனுஷன் இப்போது சாப்பாட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆனால் முதல் வீட்டிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டாள். "உங்கள் பகுதிக்குப் பொழுதுபோக்கு வசதி தேவையா?" என்று தாளில் இருந்தபடியே கேட்டதும், தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொழுது போகலைன்னு உங்ககிட்ட வந்து அழுதேனாக்கா? இருக்கிற பொழுதே எனக்குப் பத்தலை."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே பாட்டு. பொழுதுபோக்காம் பொழுதுபோக்கு! எந்த மகராசன் எழுதினானோ அந்த வார்த்தையை. வரிசையாக 'வேண்டாம்' விழ, அவள் நேரே மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

அவர் சிரித்துவிட்டார். "எழுதினதே நான்தாம்மா. சரி, வேற எப்படிக் கேட்கலாம்?"

இரண்டு பேருமாகக் கேள்வியை மாற்றினார்கள். அவள் மறுபடி தையல்காரி வீட்டிலிருந்து தொடங்கினாள்.

"வெளியே வந்து சும்மா கொஞ்ச நேரம் உட்கார, நடக்க ஓர் இடம் வேணுமா?"

"சும்மாவா? ஏன் உட்கார்ந்திருக்கேன்னு யாரும் கேட்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அப்போ எழுதிக்கோங்கக்கா. பொம்பளைங்களுக்குக் கக்கூஸும் வேணும்னு சேர்த்து எழுதுங்க."

அதற்குப் பிறகு தெருவே வாயைத் திறந்தது. ஒருத்தருக்குப் பந்தாட இடம், இன்னொருத்தருக்கு நிழல். அவளுக்குக் கால் வலியே தெரியவில்லை.

கடைசியாக மிச்சமிருந்தது அவள் வீடு. புருஷனுக்கு டீயை வைத்துவிட்டு, நகராட்சி தந்த பூங்கா வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து, பதில் தெரிந்தவள் போலக் கேட்டாள். அவர் டம்ளரைத் தொடவில்லை.

"வேண்டாம்."

"என்னங்க, உங்களை நினைச்சுத்தானே நான்..."

"காலை இழுத்து இழுத்து நான் நடக்கிறதை ஊரே வேடிக்கை பார்க்கணுமா? அதுக்கு பெஞ்ச் வேற போடுறாங்களா?"

அவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வாசல் ஏறி இறங்கினவள், கூடவே இருக்கும் மனுஷனை ஒரு வார்த்தை கேட்கவில்லையே. சண்டை பிடிக்க வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு 'வேண்டாம்' என்றே எழுதினாள்.

அவர் எட்டிப் பார்த்தார். "நிஜமாவே எழுதிட்டியா?"

"நீங்க சொன்னதைத்தானே எழுத முடியும்."

பிறகு அந்த வரைபடத்தை அவர் தன் பக்கம் இழுத்தார்.

"ரெண்டு பெஞ்சுக்கு நடுவுல இவ்வளவு தூரமா? பாதியில கால் ஓய்ஞ்சா தரையிலயா உட்காருவான்?"

"யாரு?"

"யாரோ. நடக்கிறவன்."

"சரி, எவ்வளவு கிட்ட இருக்கணும்?"

"படத்துல என்னத்தைத் தெரியும்? நடந்து பார்த்தாத்தான் தெரியும். செருப்பை எடு."

பட்டப்பகலில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு அவர் தெருவில் இறங்கினார். அவள் மூச்சுவிடாமல் பின்னால் போனாள். ஜன்னலில் தலைகள் தெரிந்தன. அவருக்குத் தலையாவது ஜன்னலாவது, மனையின் ஓரத்தில் தடியால் தரையைக் குத்தி, "இங்க ஒண்ணு" என்றார். காலை இழுத்து இழுத்து இன்னும் கொஞ்சம் போய், "இங்க ஒண்ணு" என்றார்.

"அண்ணே, நிழல்ல ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று தையல்காரி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்.

"முதல்ல மரம் வரட்டும்மா" என்றார் அவர். அதைச் சொல்வதற்குள் முட்டி நடுங்க ஆரம்பித்துவிட்டது. தெருவே பார்க்க, மனைவியிடம் கையை நீட்டினார்.

"வேண்டாம்னு எழுதினியே, அதை அடிச்சிடு. அடிச்சிட்டு இந்தப் பக்கம் வந்து பிடி, வீட்டுக்குப் போகணும்."