நுணுக்குக்காட்டியில் நெஞ்செரிச்சல்

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் முழுதாக வருவதில்லை. அரைப் பருக்கையளவு சதையாகப் போத்தலுக்குள் வருவார். அதை மெல்லியதாக வெட்டி, சாயமேற்றி, டொக்டர் பார்ப்பதற்குக் கண்ணாடியில் ஒட்டிக்கொடுப்பது என் வேலை. கண்டியில் பத்து வருடமாகச் செய்கிறேன். மாத்திரையும் கையுமாகத் திரியும் நெஞ்செரிச்சல்காரர்களே, நானும் உங்களில் ஒருத்திதான்.

கூப்பிட்டது யார்?

கெலிஓயாவில் துணிக்கடை வைத்திருக்கும் ஹனீபா நானாவுக்குப் பச்சைத் தண்ணீர் குடித்தாலும் நெஞ்சு எரியும். ரிப்போர்ட் வாங்க வந்தவர், "அமிலம் ஓட்டை போட்டிருச்சா?" என்று கேட்டார்.

டொக்டர் அவரை உட்கார வைத்து விளக்கினார். அமிலம் மட்டும் சுட்டுப் புண்ணாக்குவதில்லையாம். அது மேலேறி வந்து சீண்டும்போது உணவுக்குழாயின் உயிர்க்கலங்களே ஆபத்தென்று சமிக்ஞை அனுப்புமாம். காவலுக்கு ஓடிவரும் இரத்த வெள்ளைக் கலங்கள் கூட்டம் கூட்டமாக நுழைந்து அந்த இடத்தையே வீங்க வைத்துவிடுமாம். நானா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அப்ப வெளியால வந்த எதிரி மட்டுமில்ல டொக்டர், நம்மட ஆக்களும் சேந்துதான் அடிக்கிறாங்க!"

ஒரு வரி

அம்பிட்டியவிலிருந்து வந்த கமலா டீச்சர் ரிப்போர்ட்டை வாசலிலேயே பிரித்துவிட்டார். 'அடிவரிசைக் கலங்கள் பெருகியுள்ளன' என்பதைப் படித்ததும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "புற்றுநோய்தானே? மகளுக்குச் சொல்லிடாதீங்க" என்று அழுதார்.

டொக்டரே வெளியே வந்தார். புண்ணை மூடத்தான் அந்தக் கலங்கள் பெருகுகின்றன, அது பழுதுபார்க்கும் வேலை, மருந்தை ஒழுங்காக எடுத்தால் அடங்கிவிடும் என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை முறைத்தார். "பெருகுதுன்னு எழுதுறீங்களே, பயப்படாதேன்னு கூட ஒரு வரி எழுதக் கூடாதா?"

என் பெயர் ஒட்டிய போத்தல்

பிறகு என் முறை. சோறு நெஞ்சில் நிற்க ஆரம்பித்ததும் தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்த்துச் சதைத் துணுக்கு எடுத்தார்கள். அதை நானே வெட்டினேன். நுணுக்குக்காட்டியில் கண் வைத்தேன். உணவுக்குழாயில் இருக்கவே கூடாத, குடலுக்குரிய கிண்ணம் போன்ற கலங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பழுதுபார்க்கப் போன இடத்தில் உடம்பு ஆளையே மாற்றி வைத்திருந்தது. புற்றுநோய் அல்ல, ஆனால் சிலருக்கு அந்தப் பக்கம் திரும்பலாம், விடாமல் கண்காணிக்க வேண்டும் என்றார் டொக்டர்.

அடுத்த சோதனையின்போது எனக்குக் கத்தியைப் பிடிக்க முடியவில்லை. கூட வேலை செய்யும் பஸ்லியா வாங்கி வெட்டினாள். "மோசமாகவில்லை" என்று டொக்டர் சொன்ன பிறகும் நான் மூன்று தரம் எட்டிப் பார்த்தேன். பஸ்லியா கண்ணாடியின் ஓரத்தில் டேப் ஒட்டினாள். "பெயர மறைச்சிட்டுப் பாருங்க அக்கா, வேற யாருடையதோ என்டு நினைச்சா நடுக்கம் வராது."

மறைத்தும் பார்த்துவிட்டேன், பலனில்லை: விஷயம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று சொன்னவர் யாராக இருந்தாலும், அவருக்கு நெஞ்செரிச்சல் வந்திருக்காது.