வாசலில் மாட்டிய விலைப் பலகை

1991-இல் படப்பையில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் முன்மேசை வேலை எனக்கு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயால் நடந்த ஒரு நல்ல காரியத்தைப் பெருமையாகவே சொல்கிறேன்.

அங்கே சீட்டுக்கு ஓரிடம், ஊசிக்கு ஓரிடம், மருந்துக்கு ஓரிடம் என்று போகிற இடமெல்லாம் காசு கட்ட வேண்டும். மொத்தம் எவ்வளவு ஆகும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். டாக்டரிடம் விலை கேட்பது மரியாதையில்லை என்று ஜனங்களும் கேட்க மாட்டார்கள்.

சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒருத்தி, காதில் சீழ் வடிகிற மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்து திரும்பினாள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் வந்தாள். நான் எழுந்து போனேன்.

"இன்னாம்மா, இங்கியே நின்னுகினு கீறே? உள்ள வா."

"எவ்ளோ ஆவும்னு தெர்லியேம்மா. உள்ள வந்துட்டு துட்டு பத்தலன்னா மானம் பூடும்."

நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். எனக்கு வந்த கோபத்தில் நேராக டாக்டரிடம் போனேன். எல்லாவற்றுக்கும் விலை எழுதி வாசலில் மாட்டலாம், காசை என்னிடமே மொத்தமாகக் கட்டட்டும் என்றேன்.

"இது என்ன டிபன் கடையா?" என்றார்.

"டிபன் கடைல வெல தெரிஞ்சி தைரியமா உக்கார்றாங்க சார். நம்ம வாசல்லதான் பயந்து ஓடறாங்க."

வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். அவரோ, "பேப்பர் எடு, சொல்றேன்" என்றார்.

பலகையில் கொட்டை எழுத்தில் நானே பெயின்ட் அடித்தேன். மாட்டிய மறுநாள் அவள் வந்தாள். பலகையை அண்ணாந்து பார்த்தாள். திரும்பி நடந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. இது என் மண்டையில் உறைக்கவே இல்லையே என்று என்னையே திட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"காது பாக்க, ஊசி, மருந்து எல்லாம் சேத்து பதினெட்டு ரூபாதாம்மா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். மூன்று பத்து ரூபாய் நோட்டுகள்.

"இவ்ளோதானா? இந்தத் துட்டு மொத நாளே எங்கைல இருந்துச்சேம்மா!" என்று அழுதுவிட்டாள். எனக்கும் தாங்கவில்லை.

இன்னும் தாமதித்திருந்தால் அந்தக் காது கேட்காமலே போயிருக்கும் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தினமும் காலையில் வாசலில் நின்று பலகையை உரக்கப் படிப்பேன். கறிகாய் விற்கிறேன் என்று டாக்டர் கிண்டல் செய்வார். செய்யட்டுமே.

மூன்றாவது வாரம் காதைக் காட்டிப் போகத் தாயும் மகளும் வந்தபோதும் படித்துக்கொண்டுதான் இருந்தேன். என் சத்தம் பொறுக்காமல் அந்தச் சிறுமி இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு, "கத்தாதக்கா!" என்றாள். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் பாவவில்லை.