சிகரெட் வாடையோடு சந்நிதிக்குப் போனேன்

அம்மனை நம்பி வந்திருக்கும் சகோதரிகளே, சகோதரர்களே, என் பெயர் லோகாம்பாள். வயது எழுபத்தொன்று. சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டதில்லை. ஆனால் நான்கு வருடம் என் உடம்பெல்லாம் அந்த வாடைதான்.

கணவர் இறந்தபின் குவீன்ஸ்டவுன் வீட்டை விட்டுவிட்டு, மார்சிலிங்கில் என் ஒரே மகன் வீட்டுக்குப் போனேன். மனைவி பிரிந்துபோய்த் தனியாக இருந்தவன். "தனியா ஏன் கஷ்டப்படுற, வந்துரும்மா" என்று அவன்தான் கூப்பிட்டான். எனக்கு ஹாலில் கட்டில். ஏர்கானும் அங்கேதான். வேலை விட்டு வந்ததும் ஜன்னல்களைச் சாத்திவிட்டு டிவி முன்னால் உட்காருவான். ஒரு சிகரெட் முடியுமுன் அடுத்ததைப் பற்றவைப்பான்.

"கீழ போய்க் குடிப்பா, மூச்சு முட்டுது" என்றேன்.

"இது என் வீடு. புடிக்கலன்னா முதியோர் ஹோம்ல போய் இருந்துக்க லா."

இருமலில் தூக்கம் போனது. தூக்கத்தோடு மனமும் போனது. காரணமில்லாமல் அழுகை வரும். பல் துலக்கக்கூடத் தோன்றாது. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, இரண்டு முறை பானை கருகியது. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று மகன் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாவிடம் நான் கேட்கும்படியே சொன்னான். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்டால் கதவைச் சாத்திக்கொள்வார். எனக்குப் பைத்தியம்தான் என்று நானும் நம்ப ஆரம்பித்தேன்.

வீட்டில் அம்மன் படத்தின் கண்ணாடியே பழுப்பேறிக் கிடந்தது. அதன் முன்னால் நின்று தினமும் ஒன்றைத்தான் கேட்டேன். தாயே, என்னை எடுத்துக்கொள்.

போன தீபாவளி முடிந்த வெள்ளிக்கிழமை. லிட்டில் இந்தியா அம்மன் கோயிலில், ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்கு ஏற்ற வரிசையில் நின்றேன். துவைத்த சேலைதான் கட்டியிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பி மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இந்த வயசுல சிகரெட்டா? குடிச்சிட்டுக் கோயிலுக்கு வேற வர்றீங்களா?"

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. ஒரு பெண் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு விலகி நின்றாள். அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். என் தாய் வீட்டிலும் எனக்கு இடமில்லையா என்றுதான் நெஞ்சு வெடித்தது.

யாரும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, என்னைத் திட்டிய அதே அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் சரோஜா. மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். "மன்னிச்சிருங்க அக்கா. வீட்ல யாரு குடிக்கிறா?" என்று கேட்டார். நான்கு வருடத்தில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் அவரே பாலிகிளினிக்குக் கூட்டிப்போனார். டாக்டரும் அதையே கேட்டார். மகனைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், யாரும் குடிப்பதில்லை என்று பொய் சொன்னேன். சரோஜா என் கையை அழுத்தினார். பிறகுதான் உண்மை வந்தது. இது புத்திக் கோளாறு இல்லை, மன அழுத்தம், புகை என் நெஞ்சையும் தூக்கத்தையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறது என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார். முதலில் புகையை விட்டு விலகச் சொன்னார்.

டாக்டர் சொன்னதை மகனிடம் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட என்னைப் போட்டுக் குடுத்தியா?" என்றவன், சிகரெட்டைப் பற்றவைத்து, என் முகத்துக்கு நேராகக் குனிந்து ஊதினான். "போ. இதையும் போய்ச் சொல்லு."

பெற்ற பிள்ளை. அன்று நான் அழவில்லை. துணிகளை ஒரு பையில் வைத்துக்கொண்டு சரோஜாவுக்குப் போன் செய்தேன். சுவா சூ காங்கில் தனியாக இருக்கும் அவர், வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, உடனே வாங்க என்றார். லிப்டு வரும்வரை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எட்டிப் பார்க்கவில்லை.

இப்போது தூங்குகிறேன். சமைக்கிறேன், மறப்பதில்லை. சாவைக் கேட்டவளுக்கு அம்மன் மூச்சைக் கொடுத்தாள். அவளுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

மகன் மாறவில்லை. இத்தனை மாதத்தில் ஒரே ஒரு முறை போன் செய்தான். வாஷிங் மெஷினில் எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று கேட்டான். சொன்னேன். வைத்துவிட்டான்.

அவனுக்காகவும் விளக்கு ஏற்றுகிறேன். உங்களில் யாராவது வீட்டுக்குள்ளேயே மூச்சு முட்டி, வெளியில் சொல்ல வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், இன்றைக்கே அம்மனிடம் சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் மனுஷியிடமும் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.