மானசா காத்தாடி ஏறாத நாள்

புது ஆள் ஒருவரை ஏறிக் காட்ட அனுப்புகிறோம், பெண், பெயர் மானசா என்று பீளமேடு ஆபீசிலிருந்து ஹர்ஷிணி மேடம் போன் செய்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. பெண் என்பதற்காக இல்லை. முந்தின மாதம் வந்த ஆள் பாதி ஏணியில் கம்பியைக் கட்டிக்கொண்டு குலதெய்வத்தைக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரை இறக்குவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உடுமலைப் பக்கம் காற்றாலைகளில் இருபது வருஷமாகப் பராமரிப்பு வேலை பார்க்கிறவன் நான். ஊர்க்காரர்களுக்கு அது காத்தாடி, எனக்கு அதுதான் சோறு.

மானசாவுக்குப் பல்லடம். டிப்ளமோ முடித்துவிட்டு பம்பு கம்பெனி ஒன்றில் மோட்டார்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தவள். பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில் போன காலத்திலிருந்தே காத்தாடி உச்சியில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று ஆசையாம். தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டி ஆர்டரும் வாங்கிவிட்டாள். என்னோடு ஒரு தடவை உச்சிவரை ஏறி இறங்கினால் வேலை உறுதி. அதை நம்பிப் பழைய வேலையையும் விட்டுவிட்டாள்.

வந்ததும் காத்தாடிக் கோபுரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். பயப்படுகிறவர்கள் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொள்வார்கள். இவள் தேர் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே நின்றாள். பரவாயில்லை, இது ஏறிவிடும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை ஏறுகிறவர் சூடம் காட்டித் தேங்காய் உடைக்க வேண்டும். கம்பெனி விதி இல்லை, எங்கள் விதி. தேங்காயை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. முகம் வெளிறிப் பின்னால் நகர்ந்தாள்.

எனக்கு எட்டிய அறிவு அவ்வளவுதான், வீட்டுக்குத் தூரம் போலிருக்கிறது, சாமி காரியம் என்று தயங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "தள்ளி நின்னுக்குங்க அம்மணி, நானே உடைச்சுப்போடறேன். அப்பறம் ஏறிக்கலாம்" என்றேன்.

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். ஏறி இறங்கி, வேலையில் சேர்ந்திருக்கலாம். அவள் ஆட்டவில்லை.

"அதில்லீங்கண்ணா. நான் முழுகாம இருக்கறனுங்க. ரெண்டாம் மாசம். தேங்கா உடைக்கறதப் பாக்கக் கூடாதும்பாங்க. ஏறவும் கூடாதுங்க."

எங்கள் பக்கம் மூன்று மாதம் முடியாமல் இந்தச் செய்தியை வெளியில் மூச்சுவிட மாட்டார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இப்போதுதான் தங்கியிருக்கிறதாம். மாமியாருக்கே இன்னும் சொல்லவில்லையாம். கட்டினவனுக்கு அடுத்தபடியாக அதைக் கேட்டவன் முன்பின் தெரியாத நான். காலையில் பஸ் ஏறும்வரை மறைத்துவிடலாம் என்றுதான் இருந்தாளாம்.

எனக்குக் கோபம் வந்தது. பழைய வேலையும் போய், புது வேலையையும் கைநழுவ விடுகிறாளே என்கிற கோபம். ஏறாமல் இருக்க வேறு சாக்கா கிடைக்காது, காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போட்டு, சேர்ந்த பிறகு மெதுவாகச் சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள் என்று திட்டாத குறையாகக் கேட்டேன்.

"மேல ரெண்டு பேராத்தானுங்க போகோணும்? ஒருத்தரு மாட்டுன கொக்கிய நம்பித்தான இன்னொருத்தரு கைய உடறீங்க? மொத நாளே மறைச்சுப்போட்டா, அப்பறம் எப்படிங்கண்ணா என்னைய நம்பி மேல வருவீங்க?"

பாதுகாப்பு வகுப்பு என்று எத்தனையோ பேருக்கு மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். இது ஒரு தடவைகூட என் வாயில் வந்ததில்லை. கையில் இருந்த தேங்காயை ஜீப்புக்குள் வைத்துவிட்டு வந்தேன்.

போனை என்னிடமிருந்து வாங்கி ஹர்ஷிணி மேடத்திடம் அவளே சொன்னாள். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று பதில் வந்தது. ஜீப் நிழலில் உட்கார்ந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டபடி, உச்சியில் இருக்கிற பல்சக்கரப் பெட்டிக்கு எப்படி எண்ணெய் மாற்றுவீர்கள் என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. பொறுக்கமாட்டாமல் நானே மறுபடி ஆபீசைக் கூப்பிட்டேன்.

"ஏறறதுக்கு ஆயிரம் பேரு வருவாங்க மேடம். எனக்கு ஜோடியா இந்தப் புள்ளதானுங்க வேணும்."

சாயங்காலம் பதில் வந்தது. வேலை வேலைதான். குழந்தை பிறக்கும்வரை பீளமேட்டில் உட்கார்ந்து காத்தாடிகளைத் திரையில் கண்காணிக்கட்டும், ஏறுவது அப்புறம். மானசா "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். போனை வைத்ததும் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அதுவரை எத்தனை பயத்தை அடக்கி வைத்திருந்தாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மகளுக்கு எட்டு மாதம் ஆனபின், காற்று அடங்கிய ஒரு தை மாதக் காலையில் திரும்ப வந்தாள். ஏறும் முன் ஒருவர் இடுப்புப் பட்டையின் கொக்கியை மற்றவர் இழுத்துச் சரிபார்க்க வேண்டும். என் கொக்கியை யார் பார்த்தாலும் அதற்கு மேல் நானும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். இருபது வருஷத்தில் ஒருவரையும் நான் முழுசாக நம்பியதில்லை. மானசா என் கொக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு, "போலாமுங்கண்ணா" என்றாள்.

நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஏணியில் கால் வைத்தேன்.