கோவாவில் செய்த யாம்

சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கத்தில் பவளத்தின் கையால் சாப்பிடாத தமிழ் வீடு குறைவு. செத்த வீட்டுக்கும் பிறந்தநாளுக்கும் முதலில் போன் அடிப்பது அவளுக்குத்தான். அந்தக் கையால் ஒரு மனிசனுக்குத் தீங்கு வந்தது என்று யாரேனும் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். அவளே சொன்னாலும் நம்பமாட்டார்கள். அதனால்தான் பதினெட்டு மாதம் சொல்லாமல் இருந்தாள் என்று அவளுக்காக வக்காலத்து வாங்கலாம். ஆனால் அது உண்மையில்லை. பயத்தில் சொல்லாமல் இருந்தாள், அவ்வளவுதான்.

கதை நைஜீரியாவில் தொடங்குகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வாத்திமார் கூட்டம் கூட்டமாக நைஜீரியாவுக்குப் போன காலத்தில், பவளமும் கணவர் சச்சிதானந்தனும் இலேஷா என்ற ஊரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர் கணிதம். அவள் மனையியல். மாச்சத்து, புரதம், கொழுப்பு என்று கரும்பலகையில் மூன்று நிரலாகக் கோடு போட்டுப் படிப்பித்தவள் அவள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல அவளுக்கு வழியே இல்லை.

அந்த ஊரில் யாம் என்றொரு பெரிய கிழங்கு. அவித்து, உரலில் போட்டு, இரண்டு பெண்கள் மாறி மாறி இடித்தால் வெள்ளையாக, இழுபடுகிற உருண்டையாக வரும். அதைக் கிள்ளி, எகுசி என்கிற பூசணி இன விதையை அரைத்துச் செய்த குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்க வேண்டும். சச்சிதானந்தன் முதல் நாளே அதற்கு அடிமையாகிவிட்டார். யாழ்ப்பாணத்து மனிசன் பிட்டை இரண்டாமிடத்துக்குத் தள்ளினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

எண்பத்தேழில் சிட்னிக்கு வந்தார்கள். இரண்டு பேருடைய சான்றிதழும் இங்கே செல்லுபடியாகவில்லை. அவர் தபால் பிரிக்கும் வேலைக்குப் போனார், அவள் முதியோர் இல்லமொன்றின் குசினிக்குச் சமைக்கப் போனாள். ஆனால் ஞாயிறு பின்னேரங்களில் ஹோம்புஷில் ஒரு மண்டபத்தை எடுத்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் காசு வாங்காமல் கணக்குப் படிப்பித்தார். வாரத்தில் ஆறு நாள் அவர் தபால்காரன். ஞாயிறு இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரைக்கும் அவர் சச்சி மாஸ்டர். அந்த மூன்று மணித்தியாலத்துக்காகத்தான் அந்த மனிசன் மற்ற நாட்களில் உயிரோடு இருந்தார் என்று பவளம் நினைப்பாள்.

நீரிழிவு எங்கள் ஆட்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. அவருக்கும் வந்தது, குளிசையில் தொடங்கி இன்சுலினில் போய் நின்றது. கிளினிக்கில் உணவு ஆலோசகர் ஒரு அட்டவணை கொடுத்தார். எந்தச் சாப்பாட்டில் எத்தனை கிராம் மாச்சத்து, பத்துக் கிராமுக்கு ஒரு யூனிட் ஊசி. சச்சிதானந்தனுக்கு வெகு சந்தோசம். நோய் கணக்காக மாறிவிட்டதே! அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி, அதில் இல்லாத எங்கள் சாப்பாடுகளையும் தானே கணக்குப் போட்டு எழுதிச் சேர்த்தார். பிட்டு, ஒரு குழல், இவ்வளவு. யாம், கைப்பிடி உருண்டை ஒன்று, எழுபது கிராம், ஏழு யூனிட். தட்டைப் பார்ப்பார், மனதில் பெருக்குவார், ஊசிப் பேனையைத் திருகி வயிற்றில் குத்துவார், அதற்குப் பிறகுதான் சாப்பாட்டில் கை வைப்பார்.

அதில் ஒரு கெட்டித்தனமும் கண்டுபிடித்தார். கூடச் சாப்பிட்டால் கூடப் போட்டால் சரிதானே. ஊசி கூடியது, உடம்பு கூடியது. இரண்டாயிரத்து மூன்று கடைசியில் கண் டாக்டர், இடது கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது, இப்படியே போனால் வாசிக்க முடியாமல் போகும் என்று சொன்னார். அவருக்கு அன்றிரவும் சோறுதான் வேண்டியிருந்தது.

இல்லத்தில் பவளத்தோடு ஃபொலாக்கே என்றொரு நர்ஸ் வேலை செய்தாள். இலேஷாவுக்கு இரண்டு ஊர் தள்ளிப் பிறந்தவள். பவளம் அழுததைக் கண்டு அவள் சொன்னது இதுதான்: எங்கள் சாப்பாட்டில் என்ன கெடுதல் இருக்கிறது? வெண்டிக்காய்க் குழம்பு, கீரை, எகுசி, ஆட்டிறைச்சி, மீன், எல்லாம் நல்லது. அந்த உருண்டைதான் ஆளைக் கொல்கிறது, அதை மட்டும் மாற்று. தன் மாமியாருக்குத் தான் செய்கிற விதத்தையும் காட்டிக் கொடுத்தாள். கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, அவித்து, சீலையில் கட்டித் தண்ணீர் போகப் பிழிந்து, மாவாக அரைத்து, இந்தியக் கடையில் மலச்சிக்கலுக்கு விற்கிற இசப்கோல் உமியைத் தூவி அடுப்பில் கிண்டினால், அதே வெள்ளை, அதே இழுவை. மாச்சத்து இல்லையென்றே சொல்லலாம். கடைசியில் ஒரு சொல்லும் சொன்னாள்: டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய், ஊசியைக் குறைக்க வேண்டும்.

பவளம் முதலில் நேர்மையாகத்தான் செய்து பார்த்தாள். சச்சிதானந்தன் ஒரு கிள்ளு வாயில் வைத்தார்.

"இது என்ன?"

"கோவா. உங்கட கண்ணுக்கு நல்லதெண்டு..."

"கோவாவை அரைச்சு உருட்டினால் யாமாகுமோ? கண்தான் போகப்போகுது, வாயையும் பிடுங்காதேயும்." தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு பவளம் ஆபிரிக்கக் கடையில் வாங்குகிற யாம் மாவில் கால்வாசியை எடுத்துவிட்டுக் கோவாவைக் கலந்தாள். அவருக்குத் தெரியவில்லை. அதற்கடுத்த ஞாயிறு பாதி, பிறகு முக்கால்வாசி. எகுசிக் குழம்பைக் கொஞ்சம் தடிப்பாக, உறைப்பாக வைத்தாள். அவர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டார். அவளுக்கு உள்ளுக்குள் ஒரே புளுகமும் சந்தோசமும். மூன்று மாதத்தில் கிளினிக்கில் இரத்தம் சோதிப்பார்கள், சீனி இறங்கியிருக்கும், அப்போது சிரித்துக்கொண்டு சொல்லலாம், அவரும் சிரிப்பார் என்று மனக்கோட்டை கட்டினாள். டாக்டரிடம் சொன்னால் அவர் காதுக்குப் போய்விடும், விளையாட்டுக் கெட்டுப்போகும் என்று அதையும் தள்ளிவைத்தாள். நான்காவது ஞாயிறு அவர் வகுப்பு முடிந்து வந்தபோது சேர்ட் நனைந்திருந்தது. "ஹோலுக்குள்ள சரியான வெக்கையப்பா, சீனி போட்டு ஒரு தேத்தண்ணி தாரும்" என்றார். சீனி இறங்கினால் வேர்க்கும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்தவள் தேத்தண்ணியைக் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள்.

இரண்டாயிரத்து நான்கு, மார்ச் மாதத்து ஞாயிறு. அன்றைக்குத்தான் முதன்முறையாக முழுக்க முழுக்கக் கோவா. இரண்டு உருண்டை. பார்க்க அச்சு அசல் யாம். சச்சிதானந்தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தட்டைப் பார்த்தார். "ரெண்டு உருண்டை. ஏழும் ஏழும் பதினாலு" என்று பேனையைத் திருகினார். ஒவ்வொரு யூனிட்டுக்கும் அது டிக், டிக் என்று சத்தம் போட்டது. பவளம் எதிரே நின்று பதினான்கையும் கேட்டாள். பொறுங்கோ என்று ஒரு சொல் போதும். கொஞ்சமாவது யாம் போட்டிருக்கலாமோ என்று அவளுக்குத் தோன்றவும் செய்தது. வாயைத் திறந்தாள். "சூப் ஆறுது" என்றாள்.

அவர் குத்தினார். சாப்பிட்டார். "இண்டைக்கு இலேஷாவில சாப்பிட்ட மாதிரியே இருக்கு" என்று விரலை நக்கினார். ஒன்றரைக்குக் காரை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் புறப்பட்டார்.

கிரான்வில் பக்கத்தில் கார் தெருவை விட்டு நடைபாதையில் ஏறி, ஒரு வீட்டுத் தபால்பெட்டியை முறித்து, மதிலில் மோதி நின்றது. பத்தடி தள்ளி ஒரு இளம் தாய் கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். பத்தடி. வேர்த்து விறுவிறுத்து, உளறிக்கொண்டு இருந்தவரைப் பொலிஸ் முதலில் குடிகாரன் என்று நினைத்தது. அம்புலன்ஸ்காரர்தான் விரலில் குத்திப் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் பண்பாகத்தான் கேட்டார். மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை யூனிட் போட்டீர்கள்?

"யாம், ரெண்டு உருண்டை. நூற்றிநாற்பது கிராம். பதினாலு யூனிட்" என்று சச்சிதானந்தன் ஒப்புவித்தார். டாக்டர் தான் எழுதியதைத் திரும்பப் பார்த்தார். அப்படியானால் இவ்வளவு இறங்கியிருக்காதே, பேனையைத் திருகும்போது எண்ணிக்கை தவறியிருக்கலாம், இந்த வயதில் நடப்பதுதான் என்றார்.

சச்சிதானந்தன் தன் வலது கையைத் தூக்கி, விரல்களை வேறு யாருடையதோ மாதிரிப் பார்த்தார். பவளம் அவருடைய காலிலிருந்து கழற்றிய சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். இப்போது சொல்லு, இப்போது சொல்லு என்று நெஞ்சு அடித்தது. அந்தக் குழந்தை வண்டி கண்ணுக்குள் வந்தது. பொலிஸ் வந்தது. மெல்பேர்னில் இருக்கிற மகள் கமலினி வந்தாள். ஊரெல்லாம் வந்தது. வாய் மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு அவர் கார் ஓட்டவில்லை. ஊசிப் பேனையை அவள் கையில் கொடுத்துவிட்டு, "நீரே போடும், எனக்கு என்னிலை நம்பிக்கை இல்லை" என்றார். வேளைக்கு வேளை சேர்ட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தைப் பிள்ளை மாதிரி நிற்பார். வகுப்பையும் விட்டார். ஒரு மாணவனின் தாய் விமலா மாம்பழப் பெட்டியோடு வந்து கெஞ்சினாள். "கணக்குப் பிழைக்கிறவன் கணக்குப் படிப்பிக்கக் கூடாது பிள்ளை" என்று திருப்பி அனுப்பினார். ஞாயிறு இரண்டு மணிக்கு யன்னலோரம் போய் இருப்பார். பவளத்துக்கு அந்த நேரத்தில் வீட்டில் நிற்க முடியாது. துவைத்த உடுப்பையே திரும்பத் துவைப்பாள்.

இதில் பெரிய கொடுமை என்னவென்றால், சாப்பாட்டில் அவர் சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். கோவா உருண்டையென்று சொல்லியே வைத்தாள், மறுபேச்சில்லாமல் விழுங்கினார். வெண்டிக்காய்க் குழம்பும் கீரையும் மீனுமாக உடம்பு இளைத்தது, கிளினிக்கில் ஊசியைப் பாதியாகக் குறைத்தார்கள், கண்ணில் கசிவு நின்றது. அவள் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. கோயிலில் பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு, "அன்ரி, அந்த ஆபிரிக்கச் சாப்பாட்டைச் செய்யிற விதத்தை எழுதித் தாங்கோ, மாஸ்டரைக் காப்பாத்திப் போட்டீங்கள்" என்பார்கள். எழுதிக் கொடுப்பாள். ஊசியைக் குறைக்க டாக்டரிடம் கேட்கவும் என்று அடியில் இரண்டு கோடு போட்டு எழுதுவாள். எழுதும்போது தன்னையே காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

அடுத்த வருடம் செப்டம்பரில் கமலினி போனில், அப்பாவுக்கு மறதி நோய் தொடங்குகிறதோ தெரியாது, ஞாபகசக்திச் சோதனைக்கு நாள் எடுத்திருக்கிறேன் என்றாள். சச்சிதானந்தன் மறுக்கவில்லை. சோதனைக்கு மூன்று நாள் இருக்கையில், காலையில், பூட்டிய குளியலறைக்குள்ளிருந்து அவருடைய குரல் கேட்டது.

"நூறு. தொண்ணூற்றி மூண்டு. எண்பத்தாறு. எழுபத்தொன்பது. எழுபத்திரண்டு..."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு இடத்திலும் பிழைக்கவில்லை. ஆனாலும் கொஞ்சம் நின்று, மறுபடி நூறிலிருந்து தொடங்கினார். முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிசன், இரகசியமாக, கழித்தல் பாடமாக்குகிறார். பவளம் கதவில் சாய்ந்து நின்றாள். இரண்டாம் தரம் ஐம்பத்தொன்றில் வந்தபோது அவளால் தாங்க முடியவில்லை.

"இஞ்சாருங்கோ, கதவைத் திறவுங்கோ. உங்கட தலைக்கு ஒண்டுமில்லை. நான்தான்."

குளியல் தொட்டி விளிம்பில் அவர் இருக்க, அவள் நிலத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னாள். கால்வாசி, பாதி, முக்கால்வாசி. ஃபொலாக்கே சொன்ன எச்சரிக்கையையும் மறைக்கவில்லை.

"அண்டைக்கு எவ்வளவு யாம் போட்டனீர்?"

"போடேல்லை. ஒரு கரண்டிகூட இல்லை."

அவருடைய உதடு அசைந்தது. "அப்ப பதினாலு சரி."

"ஓம். நீங்கள் போட்டது சரி."

"நான் திருகேக்க நீர் பாத்துக்கொண்டு நிண்டனீர்."

"ஓம்."

அவர் எட்டி, தொங்கிய துவாயை எடுத்தார். பிறகு, "அந்தப் பிள்ளை... அந்த வண்டிக்குள்ள இருந்த பிள்ளை" என்று தொடங்கி, முடிக்காமல், துவாயால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். வைதிருந்தால், அடித்திருந்தால்கூடப் பவளம் வாங்கிக்கொண்டிருப்பாள். அவர் எழும்பி, அவளைத் தாண்டிப் போய், கமலினிக்குத் தானே போன் எடுத்துச் சொன்னார். டாக்டருக்கும் சொன்னார்.

சோதனையில் முப்பதுக்கு முப்பது. தை மாதம் வகுப்பு மறுபடி தொடங்கியது, ஹோம்புஷுக்கு ரயிலில் போய் வந்தார். ஊசிப் பேனை அவர் கைக்குத் திரும்பியது. சனம் மாஸ்டர் தேறிவிட்டார் என்று சந்தோசப்பட்டது. அவர் அவளோடு கோபமாக இருந்ததாகவும் சொல்ல முடியாது. செய்தி பார்ப்பார்கள், கோயிலுக்குப் போவார்கள், கமலினியின் பிள்ளையைப் பற்றிக் கதைப்பார்கள்.

ஆனால் அந்த நாளிலிருந்து, தட்டை வைத்ததும், கை வைக்க முதல், "இதுக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்பார். கடைக்காரனைக் கேட்கிற மாதிரி, சாதாரணமாக. அவள் ஒன்று விடாமல் சொல்வாள். சொல்லி முடியும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு சாப்பிடுவார். முட்டை பொரித்தாலும் கேட்டார். தேத்தண்ணிக்கும் கேட்டார். மூன்று வருடத்துக்கு மேலாக ஒரு வேளைகூடக் கேட்காமல் விட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம், நாற்பது பாகை வெக்கையில் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவர் களைத்துப்போய்க் கதிரையில் விழுந்தார். பவளம் ஓடிப்போய்ப் பைப்பில் ஒரு கிளாஸ் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கினார். வாயருகே கொண்டுபோய், நிறுத்தி, அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"தண்ணிதான்" என்றாள் பவளம். "வெறும் தண்ணிதான்."